வானத்திலும் கூட்டுறவு

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தோழியர் சார்பில் எழுதியது

முன்னுரை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் நின்றால், மீனம்பாக்கத்துக்கு வந்து போகும் விமானங்கள் கண்ணில் படும். ஆரம்ப வகுப்புகளில் படித்தபோது நாங்கள் அவற்றைப் பார்த்துக் கையாட்டுவோம். "அதோ, எங்கப்பா வர்ற பிளேன்!" என்று எங்களில் யாராவது ஒருத்தி கத்துவாள். தந்தையோ, மாமாவோ, சித்தப்பாவோ வெளிநாட்டில் வேலை பார்க்காத வீடுகள் எங்கள் வகுப்பில் குறைவு. துபாய், தோகா, மஸ்கட், சிங்கப்பூர் என்னும் பெயர்களைப் பூகோளப் புத்தகத்தில் படிக்கும் முன்னரே வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தியின் தம்பிக்குப் புதுநன்மை விழா. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் அவள் தந்தை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறை பெற்று அதற்காகவே புறப்பட்டார். சீட்டு எடுத்துக் கொடுத்தவர், பாதி வழிக்கு ஒரு கம்பெனியிலும் மீதி வழிக்கு வேறொரு கம்பெனியிலுமாக இரண்டு தனித்தனிச் சீட்டுகள் எடுத்திருந்தார். அதில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. இரண்டாவது விமானம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. "நேரத்துக்கு வராததால் சீட்டு செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கித் திங்கட்கிழமை காலை அவர் வீடு வந்து சேர்ந்தார். திருப்பலியோ ஞாயிறன்றே முடிந்துவிட்டது. அப்பா பார்க்க வேண்டுமே என்று தம்பியின் வெள்ளை உடுப்பை அம்மா துவைக்காமலே மடித்து வைத்திருந்தார். அவன் அதை மறுபடியும் உடுத்திக் காட்டினான்.

அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றுக்கொன்று கூட்டாளிகள் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூட்டாளிகள் என்றால் ஒருவர் தாமதத்தை மற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டாமா? இந்தக் கேள்வியைச் சமூக அறிவியல் வகுப்பில் கேட்டோம். "நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை. அப்படிப் படித்து அறிந்தவற்றை நம் பள்ளித் தோழியருக்கும், அவர்தம் பெற்றோருக்கும், அன்புச் சகோதரிகளுக்கும் இங்கே தருகிறோம்.

கம்பெனிகள் ஏன் கூட்டுச் சேர்கின்றன?

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானமும் சொந்தம் என்பது அதன் முதல் விதி. ஆகவே ஒரு நாட்டு விமானம் மற்றொரு நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்நாட்டின் அனுமதி வேண்டும். தம் விமானக் கம்பெனியின் பெரும்பங்கை வெளிநாட்டார் வாங்கவும் பெரும்பாலான நாடுகள் விடுவதில்லை. எந்தக் கம்பெனியும் தனியாக உலகம் முழுவதும் பறக்க முடியாது என்பதே இதன் விளைவு. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒருவர் கனடாவின் சிற்றூர் ஒன்றுக்குப் போக வேண்டுமானால், இரண்டு மூன்று கம்பெனிகள் கைகோத்தால்தான் ஆகும்.

இந்தக் கைகோப்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. 1932 அக்டோபரில் லண்டன் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரை கொண்டு வந்தது. அங்கிருந்து அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா அவர்கள் தாமே விமானம் ஓட்டிப் பம்பாய்க்குக் கொண்டு வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் என்பவர் சென்னைக்கு ஓட்டி வந்தார். கடிதம் விமானம் மாறியது, விமானி மாறினார், கம்பெனியும் மாறியது. ஆனால் உறைமேல் எழுதிய முகவரி ஒன்றே; ஒட்டிய தபால்தலையும் ஒருமுறை ஒட்டியதே. பயணியும் அந்தக் கடிதத்தைப் போலப் போய்ச் சேர வேண்டும் என்பதே விமானக் கூட்டுறவின் நோக்கம்.

மூன்று பெருங்கூட்டணிகள்

இன்று உலகில் மூன்று பெரிய விமானக் கூட்டணிகள் உள்ளன.

முதலாவது ஸ்டார் அலையன்ஸ். 1997 மே 14 அன்று யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா, ஸ்காண்டிநேவியன், தாய் ஏர்வேஸ் ஆகிய ஐந்து கம்பெனிகள் தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-ஆம் ஆண்டில் இதில் சேர்ந்தது. நமது ஏர் இந்தியாவுக்கு 2007-இலேயே அழைப்பு வந்தது. 2011-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டு, 2014 ஜூலை 11 அன்றுதான் ஏர் இந்தியா உறுப்பாயிற்று. கூட்டணியில் இடம் பெறுவது அத்தனை எளிதன்று என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது ஒன்வேர்ல்ட். இது 1999 பிப்ரவரி 1 அன்று தோன்றியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆகியவை இதில் உள்ளன. ஸ்ரீலங்கன் சேர்ந்தது 2014 மே 1 அன்று.

மூன்றாவது ஸ்கைடீம். 2000 ஜூன் 22 அன்று தொடங்கிய இதில் ஏர் பிரான்ஸ், டெல்டா, கொரியன் ஏர் முதலியவை உண்டு.

இவற்றில் எதிலும் சேராத கம்பெனிகளும் உள. நம் வீட்டார் மிகுதியாகப் பயணம் செய்யும் எமிரேட்ஸ், எதிஹாட் இரண்டும் கூட்டணி எதிலும் இல்லை. இண்டிகோவும் அப்படியே. இவை தமக்கு வேண்டிய கம்பெனிகளோடு தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியா இரண்டும் டாடா குழுமத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் எக்ஸ்பிரஸ் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பன்று. பெயர் ஒத்திருப்பதால் சலுகையும் ஒத்திருக்கும் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

"கோட்ஷேர்" என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் பெயரில் சீட்டு வாங்குகிறோம். ஏறிப் பார்த்தால் விமானம் கூட்டாளிக் கம்பெனியுடையது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. விமானத்தை ஓட்டுபவர் யார் என்பது சீட்டிலேயே எழுதியிருக்கும். சாமான் அளவும் புள்ளிக் கணக்கும் அதைப் பொறுத்து மாறக்கூடும். எனவே அந்த வரியைப் படிக்காமல் விடக் கூடாது.

ஒரே சீட்டின் வலிமை

இப்போது எங்கள் தோழியின் தந்தைக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். இரண்டு கம்பெனிகளும் கூட்டாளிகளாயிருந்தும் அவருக்கு உதவி கிடைக்கவில்லை. காரணம், கூட்டுறவு கம்பெனிகளுக்கு இடையில் இருந்தது. அவருடைய சீட்டுகளுக்கு இடையில் இல்லை. இந்த ஒரு வாக்கியமே எங்கள் ஆய்வின் சாரம்.

முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும், அடுத்த விமானத்தில் இடம் கொடுத்து ஊர் சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பு. சாமானும் புறப்பட்ட இடத்திலேயே கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டி அனுப்பப்படும். தனித்தனிச் சீட்டுகளாயின் முதல் கம்பெனி தன் பாதியோடு கை கழுவிவிடும். இரண்டாவது கம்பெனிக்கோ பயணி வரவில்லை என்பது மட்டுமே தெரியும். பெரும்பாலும் இடைவழி ஊரில் சாமானை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படுவதும் உண்டு. விசா இல்லாதவர் சாமானையும் எடுக்க முடியாமல், விமானத்தையும் பிடிக்க முடியாமல் நிற்க நேரிடும்.

சீட்டு ஒன்றா, இரண்டா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு மின்சீட்டிலும் 13 இலக்க எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டு வழங்கிய கம்பெனியைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176. நம் வீட்டார் செய்வது போன்ற, இரண்டு விமானம் மாறும் பயணத்தில் இரண்டுக்கும் அதே 13 இலக்க எண் இருந்தால் அது ஒரே சீட்டு. எண்கள் வேறானால் அவை இரண்டு சீட்டுகள். ஒரே தாளில் அழகாக அச்சடித்திருந்தாலும் அவை இரண்டுதான். ஏஜெண்ட் அனுப்பும் தாளை வாங்கியவுடன் இந்த எண்ணைப் பார்க்க எட்டாம் வகுப்புப் பெண்ணாலும் முடியும்.

இடையூறு எப்போது வரும் என்று யாரும் சொல்ல இயலாது. இதை நம் ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் எது? 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அது அடையாற்றில் சென்றது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாக அமைந்துள்ளது. மழைநீரும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து ஓடுபாதையில் புகவே, டிசம்பர் 1 இரவில் விமான நிலையம் மூடப்பட்டுப் பல நாட்கள் அப்படியே கிடந்தது. அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து சில விமானங்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. அப்போது நாங்கள் சிறு குழந்தைகள். எனினும் அந்நாட்களைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டிருக்கிறோம். அத்தகைய நாளில் ஒரே சீட்டு உடையவருக்கு, "என்னை ஊர் சேர்க்க வேண்டியது உங்கள் கடமை" என்று கேட்க ஓர் இடமாவது இருக்கும். துண்டுச் சீட்டு உடையவருக்கு அதுவும் இல்லை.

புள்ளி என்னும் சிறுதுளி

சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. விமானக் கம்பெனிகள் தரும் புள்ளிகளும் அத்தகையவையே. 1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி பெருகியது. வந்த பயணியை மீண்டும் வரவழைக்க வேண்டுமே என்று, 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு திட்டம் தொடங்கியது. பறந்த தூரத்தை மைல் கணக்கில் பயணியின் பெயரில் எழுதி வைத்து, அது பெருகியதும் இலவசச் சீட்டு கொடுத்தது. விரைவில் மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. அதனால்தான் இன்றும் பலர் புள்ளிகளை "மைல்" என்றே சொல்கிறார்கள்.

ஆனால் இன்று பல திட்டங்களில் கணக்கு தூரத்தின்படி அன்று, கொடுத்த கட்டணத்தின்படி. ஏர் இந்தியாவும் 2024-இல் இப்படி மாற்றிக்கொண்டது. அதன் பழைய "ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்" திட்டம் 2025-இல் "மகாராஜா கிளப்" என்று பெயர் பெற்றது. மிகக் குறைந்த கட்டணச் சீட்டுகளுக்கும், ஏஜெண்டுகள் மொத்தமாக எடுக்கும் குழுச் சீட்டுகளுக்கும் பல திட்டங்களில் புள்ளி மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை.

கூட்டணியைப் பற்றிப் பலரும் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கிறார்கள். நாங்களும் கொண்டிருந்தோம். ஒரே கூட்டணியென்றால் எல்லாக் கம்பெனிகளின் புள்ளிகளும் தாமாகவே ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்தோம். அப்படியன்று. நம் குடிநீர் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய எல்லாம் சென்னைக்கே நீர் தருகின்றன. எனினும் ஒவ்வொன்றும் தனி ஏரி. கால்வாய் வெட்டியிருப்பதால்தான் பூண்டி நீர் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. அதுபோல, ஸ்டார் அலையன்ஸின் எந்தக் கம்பெனியில் பறந்தாலும், புள்ளி எந்த ஏரியில் விழ வேண்டும் என்பதைச் சீட்டு எடுக்கும்போதே நாம் சொல்ல வேண்டும். லுஃப்தான்சாவில் பறந்து ஏர் இந்தியாக் கணக்கில் சேர்க்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கணக்கிலும் சேர்க்கலாம். ஆனால் ஒன்றில் விழுந்தபின் மற்றொன்றுக்கு மாற்றப் பெரும்பாலும் வழியில்லை. கால்வாய் வெட்டிய ஏரிகளும் சில உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் "ஏவியோஸ்" என்னும் ஒரே புள்ளியைப் பயன்படுத்துவதால், அவற்றிடையே மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே பயணத்துக்கு ஒரு கணக்கு என்று ஐந்தாறு கணக்குகளில் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சிதறவிட்டால் எதுவும் நிறையாது. வீட்டார் வழக்கமாகச் செல்லும் வழியைப் பார்த்து ஒரு கூட்டணியைத் தேர்ந்து, அதில் ஒரே கணக்கை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. சிங்கப்பூர், பாங்காக், பிராங்பர்ட் வழியாகச் செல்வோருக்கு ஸ்டார் அலையன்ஸ் பொருந்தும். தோகா, கொழும்பு, கோலாலம்பூர், லண்டன் வழியாகச் செல்வோருக்கு ஒன்வேர்ல்ட். துபாய் மட்டுமே செல்வோருக்கு எமிரேட்ஸின் சொந்தத் திட்டம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அவ்வளவு பெரிய ஏரியும் வெயிலில் வற்றுகிறது. புள்ளியும் வற்றும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகும். கத்தார் ஏர்வேஸின் புள்ளிகள் 36 மாதம் கணக்கில் எந்த வரவும் செலவும் இல்லாவிட்டால் போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டும் வீடு வரும் தந்தையர்க்கு இது முக்கியமான செய்தி. பல திட்டங்களில் குடும்பத்தார் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்க இடமுண்டு. எமிரேட்ஸ் திட்டத்தில் குடும்பத் தலைவரோடு எட்டுப் பேர் வரை சேரலாம். தனித்தனியே வற்றிப் போகும் நான்கு குட்டைகள் ஒன்றானால் ஒருவர் பயணத்துக்கு உதவும்.

ஒரு கணக்குப் பாடம்

ஒரு புள்ளியின் மதிப்பு என்ன? கணிதத்துக்காக நாங்களே எண்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு சீட்டின் விலை 18,000 ரூபாய் என்க. அதையே 12,000 புள்ளிகள் கொடுத்து வாங்கலாம். ஆனால் வரியும் பிற கட்டணமுமாக 6,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும். "இலவசச் சீட்டு" என்றாலும் இந்த வரி உண்டு என்பதை மறக்கக் கூடாது. மிச்சமாவது 18,000 – 6,000 = 12,000 ரூபாய். அதை 12,000 புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய்.

அதே 12,000 புள்ளிகளுக்கு 3,000 ரூபாய் மதிப்புள்ள மிக்ஸி தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. ரூபாயாக இருந்தது காலாகிவிட்டது. ஆகவே புள்ளியைச் செலவிடுமுன் வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் போதும்.

அடிக்கடி பயணம் செய்வோருக்குப் படிநிலைச் சலுகைகளும் உண்டு. ஸ்டார் அலையன்ஸ் "கோல்டு" நிலை பெற்றவருக்கு, அக்கூட்டணிக் கம்பெனிகளில் எடைக் கணக்கு உள்ள பயணங்களில் 20 கிலோ கூடுதல் சாமானுக்கு அனுமதி. ஆனால் அந்நிலை அடைவது கடினம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கணக்கில் அதற்கு ஓராண்டில் 50,000 தகுதி மைல்கள் வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தூரம் சுமார் 1,800 மைல்தான். ஆண்டுக்கு ஒருமுறை வருவோர் அந்நிலையை நினைத்து ஏங்க வேண்டியதில்லை.

பெயரும் முதலெழுத்தும்

தமிழர்களாகிய நமக்கென்றே ஓர் இடையூறு உண்டு. நம் பள்ளிப் பதிவேட்டில் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் மட்டுமே இருக்கும். பாஸ்போர்ட்டிலோ பெயர் ஓரிடம், குடும்பப் பெயர் ஓரிடம் என்று விரித்து எழுத வேண்டியிருக்கிறது. குடும்பப் பெயர் நமக்கு வழக்கமில்லையாதலால், தந்தை பெயரோ கணவர் பெயரோ அங்கே அமர்கிறது. சிலருக்கு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. புள்ளிக் கணக்கை முதலெழுத்தோடு தொடங்கி, சீட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எடுத்தால், கணிப்பொறி இருவரையும் வேறு வேறு ஆள் என்று கருதும். புள்ளி சேராது. ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக வழங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. ஆதலின் கணக்கிலும் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே, அதே வரிசையில் எழுத வேண்டும்.

எச்சரிக்கை

புள்ளி பணமன்று, அது கம்பெனி தரும் வாக்குறுதி. வாக்குக் கொடுத்தவர் நொடித்துப் போனால் வாக்கும் ஆட்டம் காணும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் புள்ளித் திட்டம் தனிக் கம்பெனியாயிருந்தமையால் புள்ளிகள் அழியவில்லை. வேறு பெயரில் தொடர்ந்தன. ஆனால் எந்த விமானத்தில் ஏறுவதற்காக அவற்றைச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லாமற்போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, பயணிகளின் புள்ளிகளும் ஏர் இந்தியாக் கணக்குக்கு மாற்றப்பட்டன. எல்லா முடிவும் இப்படி நல்லதாய் அமையும் என்று நம்பியிருக்கலாகாது. ஆகவே, நெடுங்காலம் பூட்டி வைப்பதினும், தேவைக்கு எட்டியவுடன் பயன்படுத்துவதே நன்று.

இரண்டாவது எச்சரிக்கை கிரெடிட் கார்டு பற்றியது. கார்டில் பொருள் வாங்கினால் விமானப் புள்ளி தருவதாகப் பல வங்கிகள் சொல்கின்றன. மாதந்தோறும் முழுப் பணத்தையும் கட்டுவோருக்கு அதனால் நன்மை உண்டு. கட்டாமல் விட்டால் வட்டி பல கார்டுகளில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கும் மேல். புள்ளி தருவதோ அதைவிட மிகக் குறைவு. புள்ளிக்காகத் தேவையற்ற பொருளை வாங்குவது, ஒரு குடம் நீருக்காக ஏரிக்கரையை வெட்டுவது போலாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தோழியரே, வீட்டில் யாரேனும் வெளிநாடு போகவோ வரவோ இருந்தால் கீழ்க்கண்டவற்றை நினைவூட்டுங்கள்.

1. முழு வழிக்கும் ஒரே சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். 13 இலக்க எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

2. விமானத்தை ஓட்டும் கம்பெனி எது என்பதையும், சாமான் எத்தனை கிலோ என்பதையும், வழியில் சாமானை எடுக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

3. புறப்படும் முன்பே ஒரு திட்டத்தில் சேர்ந்து, கணக்கு எண்ணைச் சீட்டில் பதியச் சொல்லுங்கள். சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை.

4. புள்ளி கணக்கில் ஏறும் வரை போர்டிங் பாஸைக் கிழித்தெறியாதீர்கள். விட்டுப்போன புள்ளியைப் பயணத்துக்குப் பின் சில மாதங்கள் வரை கேட்டுப் பெறலாம். அதற்கு அதுவே சாட்சி.

5. காலாவதி நாளை வீட்டு நாட்காட்டியில், திருவிழா நாட்களைக் குறிப்பது போலக் குறித்து வையுங்கள்.

6. கணக்கின் கடவுச்சொல்லையும், சீட்டின் படத்தையும் எவருக்கும் அனுப்பாதீர்கள்.

7. பயன்படுத்த முடியாத சிறு புள்ளிகள் எஞ்சினால், பல திட்டங்களில் அவற்றை அறப்பணிக்குக் கொடுக்க வழியுண்டு. வற்றிப் போவதைவிடப் பிறர்க்கு உதவுவது மேலன்றோ?

முடிவுரை

இந்த ஆய்வைத் தொடங்கியபோது, இலவசச் சீட்டு வாங்கும் வித்தையை அறியப் போகிறோம் என்று எங்களில் பலர் எண்ணினோம். முடித்தபோது எங்கள் எண்ணம் மாறியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பறக்கும் நம் வீட்டார்க்குப் புள்ளியினால் வருவது சிறு நன்மை. ஒரே சீட்டினால் வருவதே பெருநன்மை. கம்பெனிகள் வானத்தில் கைகோத்திருப்பது உண்மைதான். அந்தக் கைகோப்பு நமக்குப் பயன்பட வேண்டுமானால், சீட்டு எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நாம் கேட்டாக வேண்டும். கேட்காத பயணிக்குக் கூட்டுறவு என்பது விளம்பரப் பலகையோடு சரி.

எங்கள் தோழியின் தந்தை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறார். இம்முறை சீட்டைப் பணம் கட்டும் முன்பே மகளுக்கு அனுப்பினார். மதிய இடைவேளையில் அவள் எழுதிக் கொண்டுவந்த எண்ணை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சரிபார்த்தோம். இரண்டு விமானம், ஒரே 13 இலக்கம். துண்டுச் சீட்டைவிட இரண்டாயிரத்து நானூறு ரூபாய் அதிகம். அவர் தயங்காமல் கட்டிவிட்டார். தம்பிக்கு வெள்ளை உடுப்பு இப்போது சிறிதாகிவிட்டது. ஆனால் நள்ளிரவுத் திருப்பலிக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோவிலுக்குப் போவேன் என்று அவன் இப்போதே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான்.